கேட்டிருக்கலாம்

காரமடைத் தேரை ஒரு தடவையாவது பார்த்துவிட வேண்டும் என்று பல வருஷங்களாக எனக்கு ஆசை. மாசி மாதம் பிறந்து, பந்த சேவையும் தண்ணீர் சேவையுமாக அந்த ஊர் அமர்க்களப்படும் சமயம் பார்த்து எனக்கு ஏதாவது வேலை வந்து முளைத்துவிடும். ஒரு வருஷம் தேர் முடிந்து நாலைந்து நாள் கழித்து அந்த ஊர் வழியாகப் போக நேர்ந்தது. அப்போதும் தேர் ஓடிய வீதியைப் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை. மேட்டுப்பாளையம் சாலையோரத்தில் ஒரு பட்டறை வாசலில், கவிழ்த்துப் போட்ட பெயிண்ட் டப்பாவின்மேல் உட்கார்ந்து, என் காரின் ஒரே ஒரு திருகாணியைப் பார்த்துக்கொண்டே அரை நாளைக் கழித்தேன். அந்த அரை நாளில் எனக்குத் தெரிய வந்த ஒரு விஷயத்தைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

கோத்தகிரியில் என் மனைவியின் அக்காள் மகளுக்கு வளைகாப்பு. விடியற்காலையில் கோவையிலிருந்து கிளம்பினோம். காரமடையைத் தாண்டும் சமயம் பின்சக்கரம் ஒன்று காற்றிழந்து தடதடத்தது. இது பெரிய காரியமா? ஜாக்கியைக் கொடுத்துத் தூக்கி, சக்கரத்தைக் கழற்றி, மாற்றுச் சக்கரத்தைப் போட்டால் அரை மணியில் கிளம்பிவிடலாம். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினேன். மூன்று திருகாணிகள் சமர்த்தாக இளகிக் கொடுத்தன. நான்காவது மறுத்துவிட்டது.

கார் இல்லாத வாசகர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். சக்கரத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும் திருகாணிகளுக்கு வழக்கமாக ஆறு பட்டை இருக்கும். எந்த ஸ்பேனரும் பொருந்தும். எனவே எந்தத் திருடனுக்கும் பொருந்தும். அலங்கார அலாய் சக்கரங்களுக்கு நல்ல விலை கிடைப்பதால், இரவோடு இரவாகக் காரைச் செங்கல்மேல் நிறுத்திவிட்டுச் சக்கரத்தை உருட்டிக்கொண்டு போகிறவர்கள் உண்டு. அவர்களைத் தடுக்க ஒரு பூட்டுத் திருகாணி வந்தது. அதன் தலை உருண்டையாக இருக்கும். பட்டைக்குப் பதிலாக அதில் அலை அலையாக ஒரு பள்ளம். அந்தப் பள்ளத்துக்கென்றே செய்த ஒரு சாவித் துண்டு உண்டு. அதைச் செருகி ஸ்பேனரை மாட்டினால்தான் திரும்பும். சக்கரத்துக்கு ஒன்று வீதம் நான்கு சக்கரத்துக்கும் போட்டுவிடுவார்கள். சாவி ஒன்றுதான்.

என் சாவி கையில் இருந்தது. ஆனால் அதன் அலைகள் தேய்ந்து மழுங்கிப் போயிருந்தன. திருகாணியின் பள்ளமும் சிதைந்திருந்தது. இரண்டையும் சேர்த்துத் திருகினால் வழுக்கிக்கொண்டு சுற்றியது. சாவி இருந்தும் பூட்டு திறக்காத விசித்திரமான நிலை. திருடன் யாரும் அதன் பக்கத்தில் வரவில்லை. நான்தான் அங்கே நின்றுகொண்டிருந்தேன்.

பக்கத்திலிருந்த பட்டறைக்காரரை அழைத்து வந்தேன். அறுபது வயசு இருக்கும். குனிந்து பார்த்ததுமே வியாதி அவருக்குப் புரிந்துவிட்டது.

"ஏனுங்க தம்பி, கடைசியா எங்கீங்க டயர் மாத்துனீங்க?"

சொன்னேன். கோவையில் ஒரு கடை. பெயர் எதற்கு? வேலை செய்த பையன் நல்ல பையன்தான், அவசரக்காரன்.

"காத்துத் துப்பாக்கில புடிச்சு முறுக்கீட்டானுங்க. இதையெல்லாம் கையிலதானுங்க முறுக்கோணும்."

பிறகு அவர் சொன்ன கணக்கு எனக்குப் பிடித்திருந்தது. ஒரு மீட்டர் நீளமுள்ள கம்பியைத் திருகாணியில் மாட்டி, அதன் நுனியில் பத்துக் கிலோ எடையைத் தொங்கவிட்டால் என்ன முறுக்கு கிடைக்குமோ, சாதாரணக் காருக்கு ஏறக்குறைய அவ்வளவு போதும். காற்றுத் துப்பாக்கி அதைப்போல் மூன்று நான்கு மடங்கு முறுக்கிவிடும். சாதாரணத் திருகாணி அதைத் தாங்கிக்கொள்ளும். பூட்டுத் திருகாணியின் மெல்லிய அலைகள் தாங்குவதில்லை. இறுக்கும்போதே பாதி சிதைந்துவிடும். மீதி, கழற்றும்போது சிதையும்.

"கழற்ற முடியுமாங்ணா?" என்று கேட்டேன்.

"முடியாம என்னுங்க. கழட்டித் தர்றனுங்க. ஆனா ஒண்ணு. தப்பா நெனச்சுக்காதீங்க. வண்டியோட ஆர்.சி. புத்தகம் இருக்குதுங்களா?"

எனக்குச் சுரீரென்றது. மனைவியோடு, பட்டுப் புடவையும் பழத்தட்டுமாக வந்து நிற்கிற என்னைப் பார்த்தால் கார் திருடனைப் போலவா இருக்கிறது? புத்தகம் வீட்டில் இருந்தது. "கைப்பேசியிலேயே வைத்துக்கொள்ளலாம் அப்பா" என்று மகன் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறான். நான்தான் கேட்கவில்லை. நான் யார் என்று சொல்லிப் பார்த்தேன். கதை எழுதுகிறவன் என்றும் சொன்னேன்.

"கதெ எழுதறவங்ககிட்டத்தானுங்க நெம்ப சாக்கிரதையா இருக்கோணும்" என்றார் அவர், சிரிக்காமல்.

என் மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள்.

மகன் கல்லூரியில் இருந்தான். மத்தியானம் மணி அடிக்கும் வரை அவனுடைய கைப்பேசி பேசாது. அவன் வீட்டுக்குப் போய்ப் புத்தகத்தைப் படம் எடுத்து அனுப்ப வேண்டும். வளைகாப்பு வேளை தப்பிவிட்டது என்று தெரிந்துபோயிற்று. பட்டறைக்காரர் பையனை அனுப்பி எங்களுக்கு டீ வரவழைத்தார். "எல்லார்கிட்டவும் கேக்கறதுங்க தம்பி. போலீசு அதிகாரியே வந்தாலும் கேப்பனுங்க. ஒருக்கா கேக்காம விட்டு நெம்பப் பட்டுட்டனுங்க" என்று மட்டும் சொன்னார். என்ன பட்டார் என்று அவர் சொல்லவில்லை. நானும் துருவவில்லை.

காத்திருந்த நேரத்தில் அரங்கநாதரைச் சேவித்து வருவதாகச் சொல்லி மனைவி கோயிலுக்குப் போனாள். போகும்போது என் வழக்கமான புத்திமதியைச் சொல்லி அனுப்பினேன்: "செருப்பை ஜோடியாக விடாதே. ஒன்றை இந்தப் பக்கமும் ஒன்றை அந்தப் பக்கமும் விடு." இது நம் ஊரில் பலரும் கையாளும் தந்திரம். ஒற்றைச் செருப்பை எந்தத் திருடனும் எடுக்க மாட்டான். முக்கால் மணி கழித்து அவள் ஒற்றைச் செருப்போடு விந்தி விந்தி வந்தாள். வாசல் பெருக்குகிறவள், சொந்தக்காரரில்லாமல் கிடந்த ஒற்றைச் செருப்பைக் குப்பையோடு ஒதுக்கிவிட்டாளாம். ஜோடியாக விட்டிருந்தால் ஜோடியாகவே இருந்திருக்கும். "திருடன் எடுக்கவில்லை, அதுவரைக்கும் சந்தோஷப்படுங்கள்" என்று சொல்லிவிட்டு அவள் காருக்குள் போய் உட்கார்ந்துகொண்டாள்.

பூட்டின் சரித்திரத்தில் இந்த மாதிரி வேடிக்கைகள் நிறைய. 1790-ல் லண்டனில் ஜோசப் பிராமா என்ற பூட்டுக்காரர் தம் பூட்டு ஒன்றைக் கடை ஜன்னலில் வைத்து, இதை ஒரு கருவியால் திறப்பவருக்கு 200 கினி பரிசு என்று பலகை எழுதிப் போட்டார். அறுபது வருஷத்துக்குமேல் அந்தப் பூட்டு திறபடாமல் இருந்தது. பிராமாவும் காலமாகிவிட்டார். 1851-ல் லண்டன் பொருட்காட்சிக்கு வந்த ஹாப்ஸ் என்ற அமெரிக்கர் பதினாறு நாட்களில் மொத்தம் 51 மணி நேரம் உழைத்து அதைத் திறந்து காட்டினார். மனிதன் செய்த பூட்டை மனிதன் திறப்பான் என்பது அன்றே தீர்ந்துபோன விஷயம்.

அதே ஹாப்ஸ் 25 நிமிஷத்தில் திறந்து காட்டிய இன்னொரு பூட்டின்மேல்தான் எனக்கு மரியாதை அதிகம். 1818-ல் சப் என்பவர் உரிமை பெற்ற பூட்டு அது. அதில் ஒரு விசேஷம் உண்டு. வேறு யாராவது கள்ளச் சாவி போட்டுத் துழாவினால் உள்ளே ஒரு நெம்பு மாட்டிக்கொள்ளும். அப்புறம் சொந்தச் சாவியைப் போட்டாலும் உடனே திறக்காது. 'உன் பூட்டில் யாரோ கை வைத்திருக்கிறார்கள்' என்று சொந்தக்காரருக்குத் தெரிவிக்கும் ஏற்பாடு. பிற்பாடு செய்த திருத்தத்தின்படி, அதே சாவியைக் கொஞ்சம் மறுபுறம் திருப்பினால் பழைய நிலைக்கு வந்துவிடும். சந்தேகம் வந்தால் அந்தப் பூட்டு வாய்விட்டுச் சொல்லும். சந்தேகத்தைத் தீர்த்து வைக்கவும் வழி உண்டு. மனிதர்களில் எத்தனை பேருக்கு அந்தக் குணம் இருக்கிறது?

எனக்கு இல்லை. பெயிண்ட் டப்பாவின்மேல் உட்கார்ந்தபடி நான் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

இந்தப் பூட்டுத் திருகாணிகளை நான் ஏன் வாங்கினேன் என்று இன்னும் சொல்லவில்லை. அதற்கு இரண்டு வருஷம் முன்பு ஒரு நாள் காலை எழுந்து பார்த்தால் வாசலில் நின்ற காருக்கு ஒரு சக்கரம் இல்லை. அந்த இடத்தில் மூன்று செங்கல்கள். அப்போது எங்கள் வீட்டில் காரைத் துடைக்க ஒரு பையன் வருவான். பக்கத்துத் தெரு. பள்ளிக்கூடம் போகும் முன்பு ஒரு மணி நேரம் வேலை. முதல் நாள் மாலை, வேலை நேரம் இல்லாத நேரத்தில், அவன் அந்தச் சக்கரத்தின் பக்கம் குந்தி உட்கார்ந்து கையில் ஏதோ இரும்பை வைத்துக்கொண்டு நோண்டிக்கொண்டிருந்ததை மாடி ஜன்னலிலிருந்து நான் பார்த்திருந்தேன்.

அவ்வளவுதான் சாட்சியம். போலீசில் என்ன எழுதிக் கொடுத்தேன் தெரியுமா? யார்மீதும் சந்தேகம் இல்லை என்று எழுதிக் கொடுத்தேன். பையனைக் கூப்பிட்டு, "நாளையிலிருந்து வர வேண்டாம் தம்பி, நானே துடைத்துக்கொள்கிறேன், உடம்புக்கும் நல்லது" என்றேன். மாதம் பாதிதான் ஆகியிருந்தது. முழு மாதச் சம்பளத்தையும் கொடுத்தேன். அவன் பணத்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், ஒன்றும் சொல்லாமல் போய்விட்டான். "அவனை ஒரு வார்த்தை கேட்டுப் பார்த்திருக்கலாமே" என்றாள் மனைவி. "சின்னப் பையனைப் பார்த்து அப்படிக் கேட்பதா? மனசு நொந்துபோகாதா?" என்றேன். என் பெருந்தன்மையில் எனக்கே ஒரு திருப்தி. அடுத்த வாரம் பூட்டுத் திருகாணிகள் வாங்கிப் போட்டேன்.

மத்தியானம் இரண்டு மணிக்குப் படம் வந்தது. பட்டறைக்காரர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, காரின் எண்ணையும் படத்திலிருந்த எண்ணையும் ஒத்துப் பார்த்தார். என் பெயரைக் கேட்டு அதையும் ஒத்துப் பார்த்தார். "சரிங்க" என்று கைலியை மடித்துக் கட்டினார். அதற்குப் பிறகு அவர் என்னை நடத்திய விதத்தில் சந்தேகத்தின் சாயல்கூட இல்லை. கேட்டாயிற்று, பதில் கிடைத்தது, தீர்ந்தது.

கொங்கு நாட்டுக் கை இரும்புக்கு அஞ்சாத கை. 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவே ஒற்றை பஸ்ஸோடு தொழில் தொடங்கிய ஜி. டி. நாயுடு, 1937-ல் மின்சார மோட்டாரையே இங்கே செய்து காட்டினார். அந்தப் பரம்பரை பட்டறைக்குப் பட்டறை இன்னும் இருக்கிறது. இவர் முதலில், திருகாணியின் தலையைவிட ஒரு நூல் சிறியதாக ஒரு சாக்கெட்டைத் தேடி எடுத்துச் சுத்தியால் அடித்து ஏற்றினார். பல திருகாணிகள் அதற்கே பணிந்துவிடுமாம். இது பணியவில்லை. தலையைச் சுற்றியிருந்த வளையம் தனியாகச் சுழன்று ஏமாற்றியது. திருடனை ஏமாற்றுவதற்காகவே அப்படிச் செய்கிறார்களாம். வளையத்தை உளியால் பிளந்து எடுத்தார். பிறகு உட்புறத்தில் எதிர்மரை வெட்டிய ஒரு குழல் போன்ற கருவியை அடித்து ஏற்றினார். இடப்பக்கம் திருப்பத் திருப்ப அந்தக் கருவி திருகாணியை இன்னும் ஆழமாகக் கவ்வும். கவ்விய பிடியோடு அதையும் திருப்பிக்கொண்டு வரும். நீளமான கம்பியைப் போட்டு அழுத்தினார். 'கிறீச்' என்று ஒரு சத்தம். திருகாணி அசைந்தது. அதுவும் முடியாமல் போனால் அதன் தலையில் வேறொரு நட்டை வெல்டிங் வைத்துத் திருகுவார்களாம். கடைசி வழியாகத் துளை போட்டு எடுப்பார்களாம். அவ்வளவு தூரம் போக வேண்டியிருக்கவில்லை.

மற்ற மூன்று சக்கரங்களின் பூட்டுகளையும் எடுத்துவிடச் சொன்னேன். சாவி செத்த பிறகு பூட்டு எதற்கு? முதல் பூட்டு அரை மணி எடுத்தது. வித்தை தெரிந்துவிட்டதால் மற்றவை ஒவ்வொன்றும் ஐந்து நிமிஷந்தான்.

"ஒரு திருடனுக்கு எவ்வளவு நேரம் ஆகுமுங்ணா?" என்றேன்.

"கருவி இருந்தா என்னைப் போலத்தானுங்க. அஞ்சு நிமிசம். ஆனா சத்தம் கேக்கும். அதுக்குத்தான் பயப்படுவான்."

அதே சுத்தி, அதே கருவி, அதே ஐந்து நிமிஷம். இவர் செய்தால் உபகாரம், திருடன் செய்தால் குற்றம். நடுவில் இருக்கும் வித்தியாசம், வேலையைத் தொடங்கும் முன்பு இவர் கேட்ட அந்த ஒரு கேள்விதான். அதைக் கேட்டதற்காகத்தான் காலையில் அவர்மேல் நான் கோபப்பட்டேன்.

பூட்டே வேண்டாம், எல்லோரையும் நம்பிவிடுங்கள் என்று நான் உபதேசம் செய்யப் போவதில்லை. சக்கரம் போனது நிஜம். இதைப் பற்றி, பாங்கியில் இருந்து ஓய்வு பெற்ற ஒரு நண்பரிடம் பின்னால் பேசிக்கொண்டிருந்தேன். பாங்கிப் பெட்டகத்துக்கு இரண்டு சாவி, இரண்டும் இரண்டு அதிகாரிகளிடம், இருவரும் சேர்ந்து வந்தால்தான் திறக்கும் என்றார். "ஒருவரை ஒருவர் சந்தேகிக்கிற ஏற்பாடுதானே இது? முப்பது வருஷத்தில் ஒரு நாளும் உங்களுக்கு மனசு நோகவில்லையா?" என்று கேட்டேன். "எதற்கு நோகும்? எனக்கு மட்டும் போட்ட விதியா அது? மானேஜருக்கும் அதே விதிதானே?" என்றார்.

காரமடையில் கேட்டதும் இதே பதில்தான். எல்லோரிடமும் கேட்பதால் யாருக்கும் அவமானம் இல்லை. வாய்விட்டுக் கேட்பதால், பதில் சொல்ல இடம் இருக்கிறது. நான் செய்தது இரண்டுக்கும் நேர் விரோதம். ஒருவனை மட்டும் பொறுக்கி எடுத்து, அவனிடம் கேட்காமலே விசாரணை நடத்தி, அவனுக்குச் சொல்லாமலே தீர்ப்பும் எழுதி, அந்தத் தீர்ப்புக்குச் சம்பளம் என்றும் பெயர் வைத்துக் கையில் கொடுத்தேன். கேட்டால் மனசு நோகும் என்றேன். யாருடைய மனசு? கேட்டிருந்தால் அவன் என் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்லியிருப்பான். அந்தப் பதிலை நான் நம்பவோ மறுக்கவோ வேண்டியிருந்திருக்கும். அந்தச் சங்கடத்திலிருந்து என்னைக் காப்பாற்றிக்கொள்ளவே நான் நாகரிகத்தை ஒரு பூட்டாகப் போட்டுக்கொண்டேன்.

வேலை முடிந்தது. சாதாரணத் திருகாணிகளைப் போட்டு, குறுக்குக் குறுக்காகக் கையாலேயே முறுக்கினார். "அம்பது கிலோமீட்டர் போனதுக்கப்புறம் ஒருக்கா நிறுத்தி முறுக்கிப் பாத்துக்கோங்க" என்றார். காசு வாங்கிக்கொண்டவர் உடனே எழுந்துவிடவில்லை. சக்கரத்தின் பக்கம் குந்தி உட்கார்ந்து, ஒரு பழைய திருப்புளியால் டயரின் வரிகளுக்குள் நோண்ட ஆரம்பித்தார். சின்னச் சின்னக் கற்கள் 'டிக் டிக்'கென்று தெறித்து விழுந்தன.

"என்னங்ணா பண்றீங்க?"

"கல்லு மாட்டியிருக்குதுங்க. வுட்டா உள்ள ஏறும். வண்டிமேல பிரியம் இருக்கறவங்க எடுத்துருவாங்க."

என் மனைவி காருக்குள்ளிருந்து என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்க்கவில்லை.

வாசகர்கள் அவசரப்பட்டு முடிவு கட்ட வேண்டாம். அந்தப் பையன் அன்று மாலை கல்தான் எடுத்துக்கொண்டிருந்தான் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியாது. சக்கரத்தை எடுத்தது அவனா, அவன் சொல்லி வேறு யாராவதா, சம்பந்தமே இல்லாத ஆளா, எதுவும் இன்றுவரை தெரியவில்லை. கதையாக இருந்தால் இந்த இடத்தில் உண்மைத் திருடனைக் கொண்டுவந்து நிறுத்திப் பையனைக் குற்றமற்றவன் ஆக்கியிருப்பேன். அது சுலபம். வாழ்க்கையில் எனக்குக் கிடைத்தது அதைவிடச் சிரமமான நிலை. தெரிந்துகொள்ளக்கூடிய நேரத்தில் ஒரு வார்த்தை கேட்காமல் விட்டுவிட்டேன் என்பதொன்றுதான் எனக்கு நிச்சயம்.

அடுத்த வாரம் அந்தப் பக்கத்துத் தெருவுக்குப் போனேன். அவர்கள் குடியிருந்த வீட்டில் வேறு யாரோ இருந்தார்கள். திருப்பூர்ப் பக்கம் போனதாகக் கேள்வி என்றார்கள். வீட்டுக்குத் திரும்பியதும் மனைவி கேட்டாள்: "பார்த்திருந்தால் என்ன கேட்டிருப்பீர்கள்? எடுத்தாயா, இல்லையா என்றா?"

யோசித்துப் பார்த்தால், அதைக் கேட்கும் உரிமை எனக்கு இனி இல்லை. அந்தக் கேள்வி அன்று காலை கேட்க வேண்டியது. இரண்டு வருஷம் தண்டனை கொடுத்துவிட்டு விசாரணைக்கு உட்காருவது எந்த நியாயம்? அவனைப் பார்த்தால் நான் கேட்கக்கூடியது ஒன்றுதான். மன்னிப்பு. எடுத்திருந்தாலும் அவனிடம் அதைக் கேட்கத்தான் வேண்டும்.

அந்த மழுங்கிய சாவித் துண்டு என் மேஜையில், காகிதம் பறக்காமலிருக்க வைத்த கனமாக, இப்போதும் இருக்கிறது. வீட்டுக்கு வருகிறவர்கள் எடுத்துப் பார்த்து, "இது என்ன?" என்று கேட்பார்கள். கேட்டால் சொல்லிவிடுகிறேன்.